ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்: நூல் இல்லாமல் கட்டுவது

ட்ரவுட் மீனுக்கு எந்த நிம்ஃப் (தண்ணீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போலத் தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரை) கட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் பெட்டியில் எப்போதும் இருப்பது ஃபெசன்ட் டெயில்தான். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பல வருடம் பராமரித்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையின் சேவல் வால் இறகு, மெல்லிய செம்புக் கம்பி, இவ்வளவே. நூல் கிடையாது.

14-ஆம் நம்பர் முள்ளை வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் மாட்டிக் கம்பியைச் சுற்றுங்கள். நெஞ்சுப் பகுதியில் மட்டும் சின்ன மேடு வேண்டும். நான்கு இறகிழைகளின் நுனி வாலாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். மிச்சத்தைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி முன்னோக்கிச் சுற்றினால் உடல் வந்துவிடும். அப்புறம் நெஞ்சின் மேல் இழைகளை முன்னும் பின்னும் மடித்தால் சிறகு மூடி. அந்த முறுக்கை விட்டுவிடாதீர்கள். வெறும் இழை ட்ரவுட்டின் பல் பட்டதும் அறுந்துபோகும்.

கால் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். இது எந்த மேஃப்ளை என்ற ஆற்றுப் பூச்சிக்காகக் கட்டப்பட்டதோ, அதன் நிஜமான நிம்ஃப், அதாவது இளம் பூச்சி, நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். சாயர் அதைக் கவனித்துத்தான் காலை விட்டார். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

போன ஜூனில், தெளிந்த சுண்ணாம்புப் பாறை ஓடை ஒன்றில், பாசிக்கு ஓரமாக ஒரு பிரவுன் ட்ரவுட் நின்றது. மேலே மிதந்து வந்த எதையும் சீண்டவில்லை. நிம்ஃபை நன்றாக மேலாற்றில் போட்டு, மீனின் ஆழத்துக்கு இறங்க விட்டேன். மூக்குக்கு முன்னால் வந்ததும் கோல் நுனியை மெல்ல உயர்த்தினேன். நிம்ஃப் மேலே எழும்பியது, மீனும் கூடவே எழும்பியது. வாயின் வெள்ளை ஒரு கணம் தெரிந்தது, தங்கூஸ் விறைத்தது. சாயர் சொல்லிக்கொடுத்த உத்திதான். பார்த்து ரசித்துவிட்டு ஆற்றிலேயே விட்டேன்.

*

உங்கள் குறிப்பைப் படித்தேன், அருமை அண்ணா. நான் யார்க்‌ஷயரில், வார்ஃப் ஆற்றில் பிடிக்கிறேன். கல்லும் வேகமுமான தண்ணீர். அங்கே செம்புக் கம்பியின் எடை மட்டும் போதவில்லை, அடிக்குப் போவதற்குள் நிம்ஃப் மீனைத் தாண்டிவிடுகிறது. அதனால் தலையில் ஒரு டங்ஸ்டன் மணி கோத்துக் கட்டுகிறேன். குளிர்காலத்தில் கிரேலிங் மீனும் இதை விடாமல் எடுக்கிறது. ஆனால் தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும் நாளில் மணியில்லாத, ஒல்லியான உங்கள் நிம்ஃபுக்குத்தான் என் ஓட்டு.