வெள்ளாட்டுப் பால்ல வீட்டுலயே சீஸ் போடலாமா?

உசிலம்பட்டியான்:
வணக்கம்ங்க. தலச்சேரி ஆடு ரெண்டு நிக்குது, குட்டிக பால் மறந்துருச்சுக, ஆனா கறவை இன்னும் நிக்கல, டீக்கு எடுத்தது போக பால் மிஞ்சுது. யூடியூப்ல சீஸ் வீடியோ பாத்தா ரென்னட், கல்ச்சர்னு என்னென்னமோ சொல்றாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படுமா, எதுல ஆரம்பிக்கிறது? அந்த மொச்ச வாடை வேற போகுமா போகாதா?

மேலூர் அக்கா:
தம்பி, ரென்னட்ட (பால உறைய வைக்கிற நொதி) இப்போதைக்கு விடுங்க, எலுமிச்சம்பழம் போதும். 1 லிட்டர் பாலை எவர்சில்வர் பாத்திரத்துல (அலுமினியம் வேணாம், புளிப்பு பட்டா ஆகாது) அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே சூடு பண்ணுங்க, பொங்க விடாம 85 டிகிரி கிட்ட, அதாவது ஓரத்துல நுரை கட்டி ஆவி நல்லா வர்றப்ப அடுப்ப அணைச்சுட்டு ரெண்டு பழச்சாற கொஞ்சங் கொஞ்சமா விடுங்க. மாட்டுப்பால் மாதிரி கட்டி கட்டியா திரியும்னு எதிர்பாக்காதீங்க, ரவை மாதிரி பொடிசாத்தான் திரியும், அதப் பாத்து பயந்துபோய் இன்னும் நாலு பழம் பிழிஞ்சா வாயில வைக்க முடியாது. பத்து நிமிசம் தொடாம விட்டா தண்ணி பச்சையா தெளிஞ்சு வந்துரும். வலைத்துணில ஊத்துனா பாதி ஓடிப்போயிரும், பழைய வேட்டித்துணிதான் சரி. ரெண்டு மணி நேரம் தொங்கவிட்டு அரை டீஸ்பூன் உப்பு போட்டு பிசைங்க. 150 கிராம் பக்கம் வரும், கூடக்கொறைய இருக்கும். இது அடுப்புல உருகாது, தோசைக்கல்லுல போட்டா செவந்து வரும், அம்புட்டுதான்.

திருமங்கலம் ராசா:
இதுக்கு எதுக்கு இம்புட்டு பாடு, ஒறை ஊத்தி தயிராக்கி துணில கட்டித் தொங்கவிட்டா முடிஞ்சது

வாடிப்பட்டி பால்காரன்:
அது நல்லாத்தான் இருக்கும்ணே, ஆனா அது கெட்டித்தயிர், அவரு கேக்குறது வேற. வீடியோல வர்ற மெத்துனு இருக்குற சீஸுக்கு மீசோபிலிக் கல்ச்சர் (மிதமான சூட்டுல பால புளிக்க வைக்கிற ஒறைக் கிருமி) போட்டு ரெண்டு மூணு சொட்டு ரென்னட்டும் விட்டு 22ல இருந்து 24 டிகிரில ராத்திரி முழுக்க ஆட்டாம வைக்கணும். சித்திரைல நம்ம வீட்டுக்குள்ள ராத்திரியே 30க்கு மேல நிக்குது, அந்தச் சூட்டுல சீக்கிரம் புளிச்சிரும், தெர்மாக்கோல் பெட்டில ஐஸ் பாட்டில் வச்சு சமாளிக்கலாம். இல்லைனா மார்கழி வரைக்கும் பொறுங்க. ரென்னட் வாங்கினா மைக்ரோபியல்னு (நுண்ணுயிர்ல இருந்து எடுத்தது) போட்டுருக்கான்னு பாத்து வாங்குங்க, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குறதும் இருக்கு, சைவக்காரவுகளுக்கு ஆகாது.

வாடைக்கு வர்றேன். கெடா பக்கத்துல நின்னா பால்லயும் வாடை ஏறும், அதனால கெடாவ அங்கிட்டு தள்ளிக் கட்டுங்க, மடியக் கழுவித் தொடச்சிட்டு கறங்க, கறந்ததும் பாத்திரத்தோட ஐஸ் தண்ணில எறக்கி ஆறவைங்க. பால் வெளிய கெடக்க கெடக்கத்தான் வாடை ஜாஸ்தியாகும். முக்கியமா பச்சப்பால்ல நேரா கல்ச்சர் போட்டுறாதீங்க, புருசெல்லா கிருமி ஆட்டுப்பால் வழியா மனுசனுக்கு வரும், 63 டிகிரில அரை மணி நேரம் வச்சு ஆறவிட்டுப் போடுங்க. அக்கா சொன்ன முறைல சூடே அத பாத்துக்கிரும்.

உசிலம்பட்டியான்:
ரெம்ப நன்றிக்கா, அண்ணே. கெடா இப்ப ஒரே கொட்டாய்லதான் நிக்குது, இன்னைக்கே மாத்துறேன். வடிஞ்ச தண்ணிய என்ன பண்ண, எத்தன நாள் வச்சு சாப்பிடலாம்?

மேலூர் அக்கா:
தண்ணிய கீழ ஊத்திறாதீங்க, சப்பாத்தி மாவுல விட்டுப் பெசைங்க, ரசத்துலயும் சேக்கலாம், புளிய மட்டும் கொறைச்சுக்கங்க. சீஸ மூடி போட்ட டப்பால ஃபிரிட்ஜ்ல வச்சு அஞ்சு நாளைக்குள்ள காலி பண்ணிருங்க. மொளகு, பச்சமொளகா பொடிசா நறுக்கிப் போட்டு பிசைஞ்சீங்கன்னா அது வரைக்கும் மிஞ்சாது.