கழுத்து வலிக்கும் விரல் மரத்துப்போவதற்கும் மசாஜ் செய்துகொள்ளலாமா?

கேள்வி (பனங்காடு, சேலம்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டை ஒட்டிய பட்டறையில் 16 ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசு பற்றவைக்கும் வேலை செய்து வருகிறேன். தரையில் சம்மணமிட்டு, தலையைக் குனிந்தபடி ஒன்பது பத்து மணி நேரம் உட்கார வேண்டிய தொழில் இது. இரண்டு ஆண்டுகளாகக் கழுத்தின் பின்புறமும் வலது தோள்பட்டையும் இறுகிப்போய், மாலையானால் கையைத் தூக்க முடியாத அளவுக்கு வலிக்கின்றன. ஆறு மாதமாக இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. இரவில் வலது கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்து, எரிச்சலில் தூக்கம் கலைகிறது. எழுந்து கையை உதறினால்தான் உணர்வு திரும்புகிறது.

வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டு வயிறு புண்ணாகிவிட்டது. என் நாத்தனார் வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறார். அன்றும் மறுநாளும் சுகமாக இருக்கிறது, மூன்றாம் நாள் வலி வந்துவிடுகிறது. மசாஜ் உண்மையிலேயே வலியைக் குறைக்கிறதா, தேய்க்கும் நேரத்துச் சுகம் மட்டும்தானா? நரம்பு வலி உள்ள இடத்தில் கை வைக்கவே கூடாது என்று சிலரும், நன்றாக அழுத்தினால்தான் பிடிப்பு விடும் என்று சிலரும் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.

பதில் 1 (இயன்முறை மருத்துவர், சேலம்)

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுக்கு இரண்டு வெவ்வேறு வலிகள் இருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டுக்கும் ஒரே விதமாகக் கை வைத்தால் ஒன்று குறையும், மற்றது கூடும்.

முதலில் கழுத்து. குனிந்த தலையின் பாரத்தைக் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசைகள் மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இறுகியே இருக்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. தொட்டால் சுரீர் என்று வலிக்கும் முடிச்சுகள் தோன்றுகின்றன. ஜேனட் ட்ராவெல், டேவிட் சைமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1983-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக வரைந்து காட்டினார்கள். அந்த முடிச்சுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை என்றாலும், அவற்றை நிதானமாக அழுத்தி நீவினால் வலி தணிவதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

உங்களுக்குக் கிடைக்கும் சுகம் பொய்யல்ல. தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் வேகமானவை, வலியைக் கொண்டுசெல்பவை மெல்லியவை. இரண்டும் தண்டுவடத்தில் வந்து சேரும் இடத்தில், தொடு உணர்வு மிகுந்தால் வலிச் செய்தி மூளைக்குப் போவது தடைபடுகிறது என்று மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் விளக்கினார்கள். அடிபட்ட முழங்காலை நாம் நம்மையறியாமல் தேய்த்துக்கொள்வதும் இதனால்தான். தேய்த்தால் தசையிலுள்ள லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று பலர் சொல்வது மட்டும் சரியில்லை; உழைப்பு நின்ற ஓரிரு மணி நேரத்தில் உடலே அதை அகற்றிவிடும்.

ஆனால் மூன்றாம் நாள் நீங்கள் அதே சம்மணத்தில், அதே குனிவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வலி ஏன் திரும்பாது? நாள்பட்ட கழுத்து வலியைப் பற்றி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்று நான்கு வாரம் மசாஜ் பெற்றவர்களுக்குத் தெளிவான பலன் கிடைத்தது. அரை மணி நேரத்தோடு நிறுத்தியவர்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. முதுகு வலிக்கு இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் 2016-இல் சொன்னது இன்னும் முக்கியம்: மசாஜ் தரலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தர வேண்டும். வலி விட்டிருக்கும் அந்த ஒன்றரை நாளில்தான் தோளைச் சுழற்றவும், தாடையைப் பின்னுக்கு இழுக்கவும், தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்கவும் பழக வேண்டும். வலியோடு செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அடுத்து விரல்கள். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவிலுள்ள குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நீங்கள் சொன்ன மூன்று விரல்களுக்கும் உணர்வு தருவது அந்த நரம்புதான். சாமணத்தை, அதாவது சிறு இடுக்கியை, இறுக்கிப் பிடிக்கும் கையில் அது நசுங்குவது வியப்பில்லை. ஏற்கெனவே நசுங்கிய நரம்பின் மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்துவது பிழை. முன்கையின் தசைகளை மென்மையாக நீவலாம். மணிக்கட்டின் உள்பக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். நரம்பு கழுத்திலேயே நெருக்கப்பட்டாலும் இதே விரல்கள் மரக்கலாம் என்பதால், மருத்துவரைப் பார்த்து, நரம்பின் வழியே மின் சமிக்ஞை எப்படிப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2 (காப்பித் தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு)

மேலே சொன்ன சோதனையைத் தவறாமல் செய்யுங்கள் அம்மா. நான் அதைச் செய்யாமல் பட்ட பாட்டை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காப்பி பறிப்பு உச்சத்தில் இருந்த மாதத்தில், இடுப்பில் தொடங்கிய வலி பின்தொடை வழியாகக் கால் வரை மின்சாரம் போல் இறங்கியது. தெரிந்தவர் ஒருவரிடம் போனேன். அவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை முதுகில் ஊன்றி அழுத்தினார். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் வீடு வந்து இறங்கியபோது கால் பெருவிரலைத் தூக்க முடியவில்லை. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அழுத்தத்தால்தான் கூடியதா, தானாகவே கூடியதா என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விரலில் பலம் வர ஐந்து மாதமாயிற்று. அதற்குப் பின் முறையாகப் படித்தவரிடம் இடுப்பு, பிட்டத் தசைகளுக்கு மட்டும் மசாஜ் எடுத்தேன். தசை இளகியதும் நடக்க முடிந்தது. நடக்க நடக்க வலி குறைந்தது. மசாஜை நான் வெறுக்கவில்லை, அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். இடுப்பு வலியோடு சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்வு குறைந்தாலோ எந்த மசாஜுக்கும் போகாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். இங்கே படிப்பவர்கள் அதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

பதில் 3 (சித்த மருத்துவர்)

நம் சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லப்பட்டிருக்கிறது. அழுத்தல் அவற்றில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக இருக்கிறது. நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். உளுந்துத் தைலம் போன்றவற்றை இளஞ்சூட்டில் பயன்படுத்தலாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது; ஆகவே ஒத்தடத்தின் சூட்டை நாத்தனார் தம் கையில் பார்த்த பிறகே வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இப்படித்தான் கொப்புளம் வந்து புண்ணாகிறது.

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டால், காய்ச்சல் இருந்தால் தேய்க்க வேண்டாம். முடிதிருத்தும் கடையில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான். வந்தால் வாழ்நாள் துன்பம்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. சோதனையில் நரம்பு மணிக்கட்டில்தான் நெருக்கப்படுகிறது, அதுவும் தொடக்க நிலைதான் என்று தெரிந்தது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொண்டு படுக்கிறேன். தரையை விட்டு, மேசை போட்டு நாற்காலியில் அமர்ந்து பற்றவைக்கிறேன். முதல் வாரம் கை பழகாமல் வேலை குறைந்தது, இப்போது சரியாகிவிட்டது. நாத்தனாருக்கு இயன்முறை மருத்துவரே கழுத்தில் எங்கே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். வாரம் மூன்று நாள் பிடித்துவிடுகிறார், முடிந்தவுடன் தோள் பயிற்சி செய்கிறேன். விரல்கள் மரத்துப்போவது வாரத்தில் ஒன்றிரண்டு இரவுகளாகக் குறைந்திருக்கிறது. கழுத்து வலி, வேலை நெருக்கும் நாட்களில் இன்னும் இருக்கிறது. ஒரு மணி நேரம் பிடித்துவிட நாத்தனாருக்கும் கை வலிக்கிறது; அவர் தம் கையைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.