அள்ளி ஊற்றினால் மெழுகுவர்த்தியா? நான்டக்கெட் சண்டை

செக்கடி: "ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணெயை வாளியில் அள்ளி, அச்சில் ஊற்றினால் மெழுகுவர்த்தி தயார்" என்று அலைவாய் எழுதியிருக்கிறார். அடேயப்பா, அவ்வளவுதானா! அப்புறம் திமிங்கல வேட்டைக்குப் பேர்போன அமெரிக்கத் தீவு நான்டக்கெட்டில் 1847இல் மெழுகுவர்த்திக்கென்றே செங்கல் ஆலை கட்டி, உள்ளே அவ்வளவு பெரிய உத்தரத்தை எதற்கு மாட்டினார்களாம்? துணி காயப்போடவா?

அலைவாய்: உடல் சூட்டில்தான் அது எண்ணெய். வெளியே எடுத்ததும் வெள்ளையாக உறைகிறது. உறைந்தால் மெழுகு. இதில் என்ன தப்பு?

செக்கடி: மார்கழியில் தேங்காய் எண்ணெயும்தான் உறைகிறது. திரி போட்டு நிறுத்திப் பாருங்களேன்.

தலையிலிருந்து எடுத்த சரக்கைக் கப்பலிலேயே லேசாகக் காய்ச்சி, உடம்புக் கொழுப்பு எண்ணெயோடு கலக்காமல் தனிப் பீப்பாயில் கொண்டுவருவார்கள். ஆலையில் மறுபடி காய்ச்சி, பனிக்காலக் குளிரில் உறையவிடுவார்கள். கட்டியைக் கம்பளிப் பையில் அடைத்து உத்தரத்தின் அடியில் வைத்து அழுத்தினால் முதல் பிழிதல். அதில் வருவது குளிர்கால எண்ணெய். பனியிலும் உறையாது, அதனால்தான் அதற்கு அந்த விலை. வசந்தத்தில் மிச்சம் இளகியதும் இரண்டாவது. வெயில் காலத்தில், வார்த்த கட்டியைச் சீவி மறுபடி பையில் போட்டு மூன்றாவது. மிஞ்சும் மெழுகு அப்போதும் பழுப்புதான். பொட்டாஷ் காரத்தில் காய்ச்சினால்தான் வெளுக்கும்.

ஒற்றுப்பிழை: திமிங்கலம் அல்ல, திமிங்கிலம். 'திமி' என்ற பெருமீனையே விழுங்குவது என்று பொருள்.

அலைவாய்: முப்பது முறை பிழிந்தாலும் தலையிலிருந்து வந்ததுதானே? நான் சொன்னதும் அதுதானே?

கப்பல்பைத்தியம்: போதும் நான்டக்கெட் புராணம். துறைமுக வாயிலில் மணல்திட்டு. 1842இல் 'ஒட்டகம்' என்று மிதவை கட்டிக் கப்பலைத் தூக்கித் தாண்டவைத்த ஊர். எதிர்க்கரையில் இன்னொரு வேட்டைத் துறைமுகமான எங்கள் நியூ பெட்ஃபோர்டில் அந்தத் தொல்லையே இல்லை. அங்கே 1841இல் கட்டிய சார்ல்ஸ் டபிள்யூ. மோர்கன் என்ற வேட்டைக் கப்பல் 2014இல்கூடப் பாய் விரித்து ஓடியது.

செக்கடி: "எங்கள்" நியூ பெட்ஃபோர்டா? எந்த வார்டு?

கப்பல்பைத்தியம்: நக்கல் வேண்டாம். கப்பல் எங்கே மிதக்கிறது என்றாவது தெரியுமா?

செக்கடி: மிஸ்டிக்கில், கனெக்டிகட். அதுவும் உங்கள் ஊர் இல்லை. பிழிதலுக்கு வருவோம். எண்ணெய் மிச்சமிருந்தால் வர்த்தி கோடையில் வளையும், தொட்டால் பிசுபிசுக்கும். உத்தரத்தை அவசரமாக இறக்கினால் பை கிழியும். மெழுகும் எண்ணெயோடு போய்விடும். நன்றாகப் பிழிந்த மெழுகு மட்டும் என்றால் பெரிய படிகமாக உறைந்து நொறுங்கும், அதற்குக் கொஞ்சம் தேன்மெழுகு சேர்க்க வேண்டும். இவ்வளவு பார்த்துச் செய்ததால்தான் பிரிட்டனில் 1860இல் வெளிச்சத்துக்கே இதை அளவாக வைத்தார்கள்: பவுண்டுக்கு 6 வர்த்தி, ஒவ்வொன்றும் மணிக்கு 120 கிரெய்ன் (சுமார் 7.8 கிராம்) எரிய வேண்டும். உங்கள் வாளி வர்த்தியை வைத்து எதை அளப்பது?

அலைவாய்: நீளமாக எழுதினால் சரியாகிவிடுமா? உறைகிறதா, இல்லையா?

செக்கடி: போன மாதம் திமிங்கல எண்ணெய்ப் பீப்பாய்க்கு 42 காலன் என்று சாதித்தவரும் நீங்கள்தானே? 31½ காலன் என்று காட்டியதும் ஆளையே காணோம்.

ஒற்றுப்பிழை: திமிங்கில. இரண்டாவது முறை சொல்கிறேன். பீப்பாயும் போர்த்துக்கீசியச் சொல்.

அலைவாய்: பீப்பாயை விடுங்கள். வெளியே எடுத்ததும் உறையுமா, உறையாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

செக்கடி: எந்த மாதத்தில்?