மதிலே இல்லாத கோட்டையை எப்படி ஆவணப்படுத்துவது?

அளவுநாடா:
போன மாதம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள லாரமி கோட்டைக்குப் போய் வந்தேன். செஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு போனவனுக்கு முதலில் ஏமாற்றம்தான். மதில் இல்லை, அகழி இல்லை. நடுவில் ஒரு மைதானம், சுற்றிக் கட்டடங்கள், சில வெறும் குட்டிச்சுவர். தோல் வணிகர்களிடமிருந்து 1849-இல் அமெரிக்க ராணுவம் 4,000 டாலருக்கு வாங்கிய இடம். 1890-இல் படை கிளம்பியதும் கட்டடங்களை ஏலம் விட்டார்கள். மரச்சட்டமெல்லாம் குடியானவர் வீடுகளுக்குப் போய்விட்டது. இனி பென்சிலும் நாடாவும் எதற்கு? லேசர் ஸ்கேன் எடுத்து, படை இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே முப்பரிமாணத்தில் எழுப்பிக் காட்டிவிடலாம்.

சுண்ணாம்புச்சட்டி:
பெயரில் மட்டும் நாடாவா சார்? அமெரிக்காவில் பழங்கட்டடங்களை வரைந்து வைக்கும் ‘ஹேப்ஸ்’ திட்டம் 1933-இல், பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்குப் பிழைப்பு தரத்தான் தொடங்கியது. அளந்து வரைந்த படம், பெரிய நெகட்டிவ் புகைப்படம், எழுத்தில் வரலாறு, மூன்றும் சேர்ந்ததுதான் ஆவணம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

மேட்டில் நிற்கும் மருத்துவமனைச் சுவரைப் பார்த்தீர்களா? செங்கல் இல்லை. சுண்ணாம்பும் சரளையும் குழைத்து, நம்ம சென்ட்ரிங் மாதிரி பலகை அடைத்து, அடுக்கடுக்காக ஊற்றியது. எந்தக் கோடு பலகைத் தடம், எந்தக் கோடு விரிசல் என்று ஸ்கேனர் சொல்லாது. கிட்டப் போய் உட்கார்ந்து வரைகிறவன் கண்ணுக்குத்தான் அது படும்.

அளவுநாடா:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவர் பனிக்கும் வெயிலுக்கும் வருஷா வருஷம் உதிர்கிறது. எவ்வளவு உதிர்ந்தது, எவ்வளவு சாய்ந்தது என்று நாடாவில் பிடிக்க முடியுமா?

சுண்ணாம்புச்சட்டி:
உதிர்வதை அளக்க ஸ்கேன் எடுங்கள், தாராளமாக. இல்லாத கூரையை எழுப்புவதுதான் வேண்டாம் என்கிறேன். அதே இடத்தில் 1849-இல் கட்டிய ‘ஓல்டு பெட்லம்’ இருக்கிறது, வயோமிங்கில் இன்று நிற்கும் கட்டடங்களிலேயே பழையது. 1890 வரை எத்தனை மாற்றம்! எந்த வருஷத்து உருவத்தைக் காட்டுவீர்கள்?

கரிசல்காரி:
ரெண்டு பேரும் சுவரையே பார்க்கிறீங்க. அமெரிக்க அரசு பழங்குடிகளோட போட்ட 1851 ஒப்பந்தத்துக்குச் சுமார் 10,000 பழங்குடியினர் திரண்டாங்க. குதிரைகளுக்குப் புல் போதாம கூட்டத்தையே கிழக்கே ஹார்ஸ் கிரீக்குக்கு மாத்தினாங்க. தோல் கூடாரம் சுவரா விட்டுட்டுப் போகும்? மைதானமும் புல்வெளியும் உங்க பிளானில் வெள்ளைத்தாளாத்தானே கிடக்கும்!

சுண்ணாம்புச்சட்டி:
அக்கா, அது வரலாற்றாசிரியர் வேலை. கட்டட வரைபடத்தில் எப்படி ஏற்றுவது?

கரிசல்காரி:
எழுத்தில் வரலாறும் சேர்ந்ததுதான் ஆவணம்னு மேலே நீங்கதானே சொன்னீங்க தம்பி? இன்னொன்னு. வடக்கே பில் கியர்னி கோட்டைக்கு மரமதில் இருந்துச்சு. லகோட்டா பழங்குடித் தலைவர் ரெட் கிளவுட் போராடி, 1868-இல் ராணுவத்தைக் காலி பண்ண வெச்சார். படை போனதும் பழங்குடியினர் கோட்டையைக் கொளுத்திட்டாங்க. அதுக்கப்புறம்தான் லாரமிக்கு வந்து சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மதில் வெச்சது சாம்பல், மதில் இல்லாதது இன்னும் நிக்குது. ஏன்னு வெறும் எலிவேஷன் படம், அதான் சுவரை நேரே பார்த்து வரையுற படம், சொல்லுமா?

அளவுநாடா:
மருத்துவமனைச் சுவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகைத் தடம் வரிவரியாகத் தெரிகிறது, அங்கே நின்றபோது கவனிக்கவில்லை. புல்வெளியை ஒரு படம்கூட எடுக்கவில்லை அக்கா. ஸ்கேனை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.