கலைச்சொல் தேவை: 'பியூரிட்டன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நி., பாளையங்கோட்டை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கான அமெரிக்க இலக்கியப் பாடநூலில் ஒரு பாடம் என் பொறுப்பில் இருக்கிறது. நதானியேல் ஹாதோர்ன் 1850-இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலுக்குப் பன்னிரண்டு பக்க அறிமுகம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் பத்தியில் 'பியூரிட்டன்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

இதுவரை 'தூய்மைவாதிகள்' என்றுதான் எழுதிவந்தேன். போன ஆண்டு வகுப்பில் அப்படிச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "தனித்தமிழ் இயக்கத்தார் போலவா, அம்மா?" என்று கேட்டாள். இன்னொரு மாணவன் தேர்வுத்தாளில், நாவலின் நாயகியைப் பற்றி, 'ஹெஸ்டர் பிரின் தீட்டுப்பட்டவள் என்பதால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டாள்' என்று எழுதியிருந்தான். அவள் ஊரோரக் குடிசையில் வாழ்ந்தது உண்மைதான். ஆனால் தீட்டு எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் மேல் தவறில்லை. நான் கொடுத்த சொல் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது.

1560-களில் இங்கிலாந்துத் திருச்சபைக்குள், கத்தோலிக்கச் சடங்குகளைக் களையக் கோரி எழுந்த கூட்டத்தாருக்கும், 1630-இல் ஜான் வின்திரப்புடன் மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறியவர்களுக்கும் ஒரு பெயர் வேண்டும். இன்றைக்கு ஒருவரது இறுகிய ஒழுக்கப் போக்கைச் சொல்லவும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வருகிறது. இரண்டுக்கும் ஒரு சொல் போதுமா? உதவுங்கள்.

மா., சென்னை

'தூய்மைவாதிகள்' போதும். இருபது ஆண்டுகளாகப் பத்திரிகைக்கு மொழிபெயர்க்கிறேன். வாசகர் அறிந்த சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுச்சொல்லை நட்டால் அது வேர் பிடிப்பதற்குள் கட்டுரை பழையதாகிவிடும். கூடவே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். முடிந்தது.

வே., தஞ்சாவூர்

அம்மையீர், வழக்கில் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை ஏற்க வேண்டியதில்லை. 'வாதி' நீதிமன்றத்தில் நிற்பவன். எதற்கெடுத்தாலும் 'வாதி', 'வாதம்' என்று ஒட்டி ஒட்டித் தமிழைச் சோம்பல்படுத்திவிட்டோம்.

தூய்மைக்குத் தமிழில் 'தூ' ஒன்றுதான் வேரா? 'கற்றதனா லாய பயனென்கொல் வாலறிவன்' என்ற குறளில் வாலறிவன் யார்? தூய அறிவினன். 'வாலாமை' என்றால் தூய்மையின்மை. வெண்சங்கு 'வால்வளை'. வெண்ணிறத்துப் பலதேவன் 'வாலியோன்'. வெண்மையும் தூய்மையும் பிரிக்க முடியாமல் கலந்த பழஞ்சொல் 'வால்'.

இப்போது வால் + நெறி என்று புணர்த்துங்கள். 'னலமுன் றனவும் ணளமுன் டணவும் ஆகும் தநக்கள்' என்பது நன்னூல். வேல் + நன்று வேனன்று ஆவதுபோல வால் + நெறி வானெறி ஆகும். இத்தோடு நிற்கவில்லை. வான் + நெறி என்று பிரித்தாலும் அதே வானெறிதான் வருகிறது! தூய நெறி, விண்ணை நோக்கிய நெறி என இரு பொருளும் ஒரே சொல்லில் வந்து அமர்கின்றன. கடவுளின் அரசைக் கட்டுவோம் என்று கடல் கடந்தவர்களுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் ஏது? வானெறியர் என்று எழுதுங்கள்.

மா., சென்னை

புலவர் ஐயா, புணர்ச்சி அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் 'வானெறியர்' என்று எழுதிக் காட்டினேன். "விண்வெளி வீரர்களா?" என்றான். பிரித்துக் காட்டி 'வால்' என்றதும் அவனுக்கு நினைவு வந்தது வேறு வால். நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பாடநூல் படிப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றிக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படிக்கும் பெண்ணுக்காகத்தான் இந்த அம்மா எழுதுகிறார்கள்.

தெ., நாகர்கோவில்

பெரியவர்களுக்கு வணக்கம். நான் இறையியல் மாணவன். ஒன்றை யாரும் இன்னும் சொல்லவில்லை: அது அவர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர் அல்ல. எதிரிகள் வைத்த வசைப்பெயர். இவர்களுக்கே இன்னொரு வசையும் இருந்தது. அளவுக்கு மீறி நுணுக்கம் பார்ப்பவர்கள் என்ற பொருளில். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் மல்வோலியோ என்ற சிடுசிடுத்த காரியக்காரரைப் பற்றி மரியா, சில நேரங்களில் அவர் ஒரு மாதிரிப் பியூரிட்டன் என்று சொல்லிச் சிரிக்கிறாள். மேடையில் இப்படி அடிபட்டவர்களின் கை ஓங்கியதும், 1642-இல் நாடாளுமன்றம் நாடகக் கொட்டகைகளை மூடியது.

தங்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொண்டது 'தேவபக்தியுள்ளவர்கள்' என்ற பொருளில்தான். சபையில் சேர்க்கப்பட்டவர்களைப் 'பரிசுத்தவான்கள்' என்றார்கள். அப்படியிருக்க 'வானெறியர்' என்று நாம் பெயரிட்டால், வசையை வாழ்த்தாக மாற்றிவிடுகிறோம். 'தூய்மைவாதி' என்பதில் அந்தக் குத்தல் கொஞ்சமாவது இருக்கிறது. 'பரிசுத்தர்' என்றும் எழுதிவிட வேண்டாம். வேதாகமத் தமிழில் பரிசுத்தமும் சுத்தமும் ஒன்றல்ல. 'இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்' என்ற இடத்தில் சுத்தம்தான் வருகிறது.

ச., யாழ்ப்பாணம்

ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவன் எழுதிய அந்தத் தீட்டு வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தூய்மை என்றவுடன் எங்கள் சமூகங்களின் மனத்தில் எழுவது ஆசாரம். முழுகுவது, தோய்த்து உலர்ந்ததை உடுப்பது, துடக்கு விலக்குவது, இன்னாரை எட்ட நிறுத்துவது. பியூரிட்டன்கள் கேட்டது இதற்கு நேர் எதிரானது. குருமார் வெள்ளை அங்கி அணிய வேண்டாம் என்றார்கள். ஞானஸ்நானத்தில் சிலுவைக் குறி வேண்டாம், கல்யாணத்தில் மோதிரம் வேண்டாம், நற்கருணைக்கு முழங்காலில் நிற்க வேண்டாம் என்றார்கள். நியூ இங்கிலாந்தில் ஆரம்ப நாட்களில் திருமணத்தை நடத்தி வைத்தவர் போதகர் அல்லர், அரசு அதிகாரி. வழிபடும் கட்டடத்தைக்கூடக் கோவில் என்று சொல்லாமல் 'கூட்ட வீடு' என்றார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று சொல்லி, மாசசூசெட்ஸில் அதைக் கொண்டாடுவோருக்கு 1659-இல் ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தார்கள். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது.

எங்களுக்குச் சடங்கு செய்வது தூய்மை. அவர்களுக்குச் சடங்கைக் களைவது தூய்மை. விளக்கம் இல்லாமல் 'தூய்மை' என்று மட்டும் எழுதினால், தமிழ் மாணவர் அதைத் தலைகீழாகத்தான் விளங்கிக்கொள்வார். 'புறந்தூய்மை நீரான் அமையும் அகந்தூய்மை வாய்மையால் காணப் படும்' என்ற குறளைப் பாடத்தின் தொடக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்று; விடயத்துக்குப் புறம்பானால் மன்னியுங்கள். 1816-இல் தெல்லிப்பழையில் பள்ளி தொடங்கிய அமெரிக்க மிஷனரி டானியல் பூவர், மாசசூசெட்ஸின் டான்வர்ஸில் பிறந்தவர். அந்த ஊர்தான் பழைய சேலம் கிராமம். 1692-இல் சூனிய வழக்குகள் அங்கேதான் தொடங்கின. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பூவர் சார்ந்த கொங்கிரிகேஷனல் சபை பியூரிட்டன் சபைகளின் வழிவந்தது. பின்னாளில் மானிப்பாயில் இருந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அதற்கென்று கலைச்சொல் திரட்டிய டாக்டர் கிறீனும் மாசசூசெட்ஸ்காரர், அதே மிஷன். பியூரிட்டன்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் ஊரில் இருந்து தமிழ்க் கலைச்சொல் தேடினார்கள். அவர்களின் பாட்டன்மாருக்கு ஒரு தமிழ்ச்சொல் தேட இன்று நாங்கள் இத்தனை கடிதம் எழுதுகிறோம்.

நி., பாளையங்கோட்டை

சகோதரர் ச. அவர்களுக்கு மிகுந்த நன்றி. அந்தக் குறளை வைத்துவிட்டேன். நாவல் முழுவதுமே அகத்துக்கும் புறத்துக்கும் நடுவில்தான் நடக்கிறது. மணவுறவு மீறிய குற்றத்தின் அடையாளமாகப் பொன்னிழை பின்னிய செவ்வெழுத்தை மார்பில் சுமந்து தண்டனை மேடையில் நிற்பவள் ஹெஸ்டர். அதே குற்றத்தை நெஞ்சுக்குள் சுமந்தபடி, ஊர் தொழும் போதகராக உலவுகிறவர் டிம்மஸ்டேல். புறம் தூய்மையாக இருக்க இருக்க அவருக்கு அகம் அழுகுகிறது.

எங்கள் ஊர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் நினைவுக்கு வருகிறார். ஜான் பனியன் பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்தவர். அவர் 1678-இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' கதையை, கம்பன் தமிழில் தோய்ந்த கிருஷ்ண பிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிக'மாகத் தந்தார். ஒரு பியூரிட்டனின் மனம் நூறு ஆண்டுக்கு முன்பே விருத்தப்பாவில் தமிழுக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.

இன்னொரு சொல்லும் தடுக்கிறது. யார் மீட்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற கொள்கையை 'ஊழ்' என்று எழுதலாமா?

வே., தஞ்சாவூர்

தாராளமாக எழுதலாம். 'ஊழிற் பெருவலி யாவுள' என்பதைவிட அதை யார் சுருக்கிச் சொல்ல முடியும்?

தெ., நாகர்கோவில்

ஐயா, பணிவோடு மறுக்கிறேன். ஊழ் என்பது அவரவர் வினையின் விளைவு. கோவலனைத் துரத்தியது அவனது முற்பிறப்பு வினை. சீர்திருத்த இறையியலாளர் கால்வினின் வழிவந்தவர்கள், பியூரிட்டன்கள் உட்பட, சொன்னதில் மனிதரின் வினைக்கு இடமே இல்லை. உலகம் தோன்றும் முன்பே கடவுள் தம் விருப்பப்படி தேர்ந்துகொண்டார். நல்லது செய்து அந்தத் தேர்வை மாற்ற முடியாது. ரோமர் நிருபத்தில் 'முன்குறித்தார்' என்ற சொல் இருக்கிறது. 'முன்குறிப்பு' என்றே எழுதலாம்.

நாம் தேர்ந்தெடுக்கப்பட்டோமா என்பது தெரியாது. அந்த அச்சம்தான் அவர்களை நாட்குறிப்பு எழுத வைத்தது. ஒவ்வொரு நினைவையும் கிளறிப் பார்க்க வைத்தது. சேலம் வழக்குகளில் நீதிபதியாக இருந்த சாமுவேல் சூவல் 1697-இல், தம் குற்ற ஒப்புதலைப் போதகர் படிக்க, சபை நடுவே எழுந்து நின்றார். ஊழ் என்று எழுதினால் இந்தத் தவிப்பு விளங்காது.

வே., தஞ்சாவூர்

தம்பி சொல்வது சரி. 'முன்குறிப்பு' நல்ல தமிழ். ஊழைத் திரும்பப் பெறுகிறேன், வானெறியரை அல்ல.

'தூ' பற்றியும் விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். 'தூயோமாய் வந்துநாம் தூமலர் தூவித் தொழுது' என்கிறாள் ஆண்டாள். தூய்மையும் தூவுதலும் ஓரடியில் நிற்கின்றன. இரண்டும் ஒரு வேரோ என்று நெடுநாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. நீர் தூவித் தூய்மை செய்வது பழைய வழக்கம். பறவையின் இறகும் 'தூவி'...

மா., சென்னை

ஐயா, இன்று புதன்கிழமை.

என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன பிறகு 'தூய்மைவாதிகள்' என்று வெறுமனே எழுத எனக்கும் மனம் வரவில்லை. கத்தோலிக்கர், குவேக்கர் என்று மற்றக் கிறிஸ்தவப் பிரிவுகளின் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லையா? வரலாற்றுக் கூட்டத்தாருக்குப் 'பியூரிட்டன்கள்' என்றே இருக்கட்டும். சிலர் எழுதுவதுபோல 'ப்யூ' என்று மெய்யில் தொடங்க வேண்டாம். குணத்தைச் சொல்ல 'கடுநெறி' என்று வைக்கலாம்: கடுநெறிப் போக்கு, கடுநெறியாளர். யாருக்கும் புரியும்.

நி., பாளையங்கோட்டை

பெரும்பாலோர் இதற்கே இசைந்திருக்கிறீர்கள். அப்படியே செய்கிறேன். 'பியூரிட்டன்கள்' முதலில் வரும் இடத்தில், 'இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த கத்தோலிக்கச் சடங்குகளைக் களைந்து அதைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றவர்கள். இப்பெயர் எதிரிகள் இட்டது' என்ற விளக்கம் இருக்கும். தீட்டு, ஆசாரம் என்ற பொருளில் கொள்ள வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்க்கிறேன்.

தெ., நாகர்கோவில்

அம்மா, அச்சுக்குப் போகும் முன் ஒரு சொல். 'கடுநெறி' எனக்கு உறுத்துகிறது. ஹாதோர்னின் கண்ணால் மட்டும் அவர்களைப் பார்த்தால் கடுமைதான் தெரியும். சேலம் நீதிபதி ஜான் ஹாதோர்னின் கொள்ளுப்பேரன் மகன் அவர். அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டு எழுதினார். ஐம்பது குடும்பம் உள்ள ஊருக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும் என்று 1647-இல் சட்டம் போட்டவர்களும் அதே மாசசூசெட்ஸ்காரர்கள்தான். குவேக்கரான மேரி டயரை 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டவர்களும் அவர்களே. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டை எந்தச் சொல்லில் அடக்குவீர்கள்? 1630-இல் வின்திரப்பின் கப்பலில் வந்தவர். கணவர் மேல் உருகி உருகிக் கவிதை எழுதியவர். 1666-இல் வீடு எரிந்தபோது, சாம்பலைக் கடந்து போகையில் தன் பெட்டி இருந்த இடத்தையும், விருந்தினர் உட்கார்ந்து உண்ட மேசை இருந்த இடத்தையும் தேடுகிறார். பிறகு, உன் செல்வம் மண்ணிலா இருந்தது என்று தன் நெஞ்சையே கடிந்துகொள்கிறார். பொருள்மேல் இவ்வளவு ஆசையும் அதைக் கடிந்துகொள்ளும் உள்ளமும் ஒரே கவிதையில் இருக்கின்றன. இவரும் கடுநெறியாளரா?

நி., பாளையங்கோட்டை

தம்பி, மெய்ப்பு அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. ஆன் பிராட்ஸ்ட்ரீட் என் பாடத்தில் இல்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும். 'கடுநெறி' வரும் ஐந்து இடங்களில் மூன்றை எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதினேன். மற்ற இரண்டும் பாஸ்டனின் நீதிபதிகளைப் பற்றியவை. அவை நிற்கட்டும்.

வே., தஞ்சாவூர்

பாடநூல் வந்ததும் ஒரு படி அனுப்புங்கள், அம்மையீர். விலையைப் பணவிடையில் அனுப்பிவிடுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான்; என் படியில் 'பியூரிட்டன்கள்' வரும் ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் 'வானெறியர்' என்று என் கையால் எழுதிவைப்பேன்.