தாத்தா "ரெண்டு ஓடு"ங்கிறார், கோச் "பேட்டைப் போடு"ங்கிறார்: மாமனார்கிட்ட எப்படிச் சொல்றது?

பாளை மருமகள் (நியூ ஜெர்சி):

பையனுக்கு 7 வயசு. ஏப்ரல்ல பேஸ்பால்ல சேர்த்தோம். கோச்சே பந்து போடுற சின்னப் பிள்ளைங்க பிரிவு. எனக்கும் வீட்டுக்காரருக்கும் அந்த ஆட்டத்துல ஆனா ஆவன்னா தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் போறான்னு இவனும் ஒத்தக் கால்ல நின்னான், சேர்த்துட்டோம்.

பிரச்சினை என் மாமனார். மின்வாரியத்துல கணக்குப் பிரிவுல இருந்து ரிடையர் ஆனவர். இளவயசுல திருநெல்வேலியில கிளப் கிரிக்கெட்ல ஓப்பனிங் ஆடினவர். மார்ச்ல வந்தார். மூணு வாரம் டிரைவ்வேல நிக்க வச்சுப் பேரனைத் தயார் பண்ணினார். எதுக்குத் தயார் பண்ணினார்ங்கிறது முதல் மேட்ச்லதான் தெரிஞ்சுது.

சனிக்கிழமை காலை எட்டரை மணி, விரல் விறைக்கிற குளிர். மாமா மங்கி குல்லாவோட மடக்கு நாற்காலியில. பையன் ரெண்டு பந்தை விட்டுட்டு மூணாவதை நல்லாவே அடிச்சான். அடிச்சதும் பேட்டைக் கீழ போட்டுட்டு, பேஸ்ங்கிற நாலு இடத்தையும் வரிசையாச் சுத்தி வரணுமாம். இவன் பேட்டோட ஓடினான். முதல் பேஸ்ல குனிஞ்சு, பேட்டை நீட்டித் தொட்டான். தொட்டுட்டுத் திரும்பி, அடிச்ச இடத்துக்கே ஓடி வர்றான்! மாமா எழுந்து நின்னு "ரெண்டு! ரெண்டு!"ன்னு கத்துறார். எதிர் டீம் குட்டிப் பையன் பந்தைக் கையில வச்சுக்கிட்டு, இவனை என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறான். எங்க கோச் தலையில கை வச்சுட்டார்.

அடுத்த வாரம் திரும்பி ஓடாம இருக்கப் பழக்கிக் கூட்டிட்டுப் போனேன். பந்து தரையில உருண்டு நேரா ஒரு ஃபீல்டர் கைக்குப் போச்சு. "நில்லு, நில்லு, ரன் இல்ல!"ன்னு நாற்காலியில இருந்து குரல். நின்னுட்டான். அவுட். கார்ல வர்றப்ப, "தாத்தாதானே சொன்னாங்க"ன்னு ஒரே அழுகை.

முழுசாக் கோபப்படவும் முடியல. இவனை வலது மூலையில நிறுத்தி வைப்பாங்க, அங்க பந்தே வராது. மஞ்சள் பூவாப் பறிச்சுத் தொப்பியில நிரப்பிக்கிட்டு இருப்பான். ஒருநாள் உயரத்துல ஒண்ணு வந்துச்சு. கையில மாட்டின கிளவ்வை உதறிப் போட்டுட்டு, ரெண்டு கையையும் குவிச்சுப் பிடிச்சுட்டான். டீம் மொத்தமும் ஓடி வந்து மேல விழுந்துச்சு. அந்தக் கைக்குவிப்பும் தாத்தா சொல்லிக் கொடுத்ததுதான்.

இன்னும் ஆறு மேட்ச் இருக்கு. வீட்டுக்காரர் "நீயே அப்பாகிட்ட பக்குவமாச் சொல்லு"ன்னு நழுவுறார். பையனோ தாத்தா வரலைன்னா நானும் போகலைங்கிறான். இவன் சட்டை நம்பர் 7. கோச் "மிக்கி மேன்டில் நம்பர்"னு (பழைய பேஸ்பால் நட்சத்திரம்) சந்தோஷமாச் சொல்ல, மாமா "இல்லை, தோனி"ன்னு திருத்தி அனுப்பினார். அவர்கிட்ட நான் எதைப் பக்குவமாச் சொல்ல?

ஒஹையோ அண்ணாச்சி:

தங்கச்சி, பேட்டுக்கு வழி இருக்கு. முதல் பேஸுக்குப் போற பாதையில ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி வைங்க. அடிச்சதும் பேட்டை அதுல போட்டுட்டுத்தான் ஓடணும். விசிறி எறிய விடாதீங்க. என் பெரியவன் எறிஞ்சது கேட்சர் பையன் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) முழங்கால்ல பட்டு, அவங்க அம்மா முகத்துல நான் இன்னும் முழிக்கிறதில்லை.

மாமாகிட்ட "தப்பு"ன்னு ஆரம்பிக்காம அளவைச் சொல்லுங்க. லிட்டில் லீக்ல, அதான் பிள்ளைங்க பேஸ்பால் நடத்துற அமைப்புல, சின்னவங்களுக்குப் பேஸுக்குப் பேஸ் 60 அடி. கிரிக்கெட்ல கிரீஸுக்குக் கிரீஸ் 58 அடி. கிட்டத்தட்ட ஒரு ரன் தூரம்தான், ஆனா இங்க நாலு ஓடினாத்தான் கணக்குல ஒண்ணு. அடிச்ச பந்து கோட்டுக்குள்ள விழுந்தா ஓடியே ஆகணும், வேண்டாம்னு நிக்கிற உரிமை பேட்ஸ்மேனுக்குக் கிடையாது. கணக்குப் பிரிவு ஆளுக்கு இது போதும்.

ஸ்கார்பரோ அம்மா (டொராண்டோ):

எங்கட மகளும் போன வருசம் இப்பிடித்தான் தொடங்கினவ. அவவின்ர அப்பப்பா கரையில இருந்து கத்தின கத்துக்கு, கோச் எங்களைக் கூப்பிட்டுக் கதைச்சவர். வெக்கமாப் போச்சு. கடைசியில அவருக்கு ஒரு வேலை குடுத்தம், பிரச்சினை முடிஞ்சுது.

ஸ்கோர் எழுதுற கொப்பி ஒண்டு வாங்கிக் குடுங்கோ. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இலக்கம் இருக்கு. பந்தெறியிறவர் 1, கேட்சர் 2, முதலாம் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூண்டாம் பேஸ் 5, இரண்டாம் மூண்டாம் பேஸுக்கு நடுவில நிக்கிற ஷோர்ட்ஸ்டொப் 6. வெளியில இடமிருந்து வலமா 7, 8, 9. உங்கட மகன் பூப் பறிக்கிற இடம் 9. 6-3 எண்டு எழுதினா, ஷோர்ட்ஸ்டொப் எடுத்து முதலாம் பேஸுக்கு எறிஞ்சு அவுட்டாக்கினது. மூண்டு ஸ்ட்ரைக்கில, அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூண்டு தரம் தவறவிட்டுப் போனா 'கே' எண்ட ஆங்கில எழுத்து. கடைசிப் பந்தைப் பாத்துக்கொண்டு சும்மா நிண்டு போனா, அந்த எழுத்தைக் கண்ணாடியில தெரியிற மாதிரித் திருப்பிப் போடோணும். இதையெல்லாம் எழுதுற மனிசருக்குக் கத்த நேரம் இராது.

சான் ஹோசே சித்தப்பா:

எல்லாரும் தாத்தாவைத் திருத்துவதிலேயே குறியாக இருக்கிறீர்கள். எங்கள் மைதானத்தில் உள்ளூர்க்கார அப்பாக்கள் போடும் சத்தத்துக்கு அவர் எவ்வளவோ தேவலை. பையன் பூப் பறிக்கட்டும், ஏழு வயது.

ஒன்றே ஒன்று: கிளவ்வை உதறுகிற பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள். இப்போது மென்மையான பந்தாக இருக்கலாம். மேலே போனால் ஐந்து அவுன்ஸ் பந்து, கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் இலேசு. பிறகு, தள்ளுபடியில் பேட் வாங்குகிறவர்கள் 2018 முதல் லிட்டில் லீக் கேட்கிற யூஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கியது எங்கள் கொல்லைக் கதவுக்கு முட்டாக நிற்கிறது.

பாளை மருமகள்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். ஸ்கார்பரோ அக்கா, உங்களுக்கு ஒரு கும்பிடு. கொப்பி வாங்கிக் கொடுத்தேன். மாமா அடிக்கோல் வச்சு, ரெண்டு கலர் பேனாவுல எழுதுறார். எங்க பிரிவுல ஸ்கோரே கிடையாது, எல்லாரும் ஜெயிச்சவங்கதான். ஆனா மேட்ச் முடிஞ்சதும் அப்பாக்கள் ஒவ்வொருத்தரா மாமா நாற்காலிப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி "யார் ஜெயிச்சா?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. கோச் உட்பட. வெற்றி தோல்வியெல்லாம் அவருக்கு மட்டும் தெரியும்ங்கிறதுல மனுஷனுக்கு ஒரு தனி மிடுக்கு.

அண்ணாச்சி, வாளியும் வேலை செஞ்சுது. நேத்து அடிச்சான், பேட்டைப் பதமாக் கீழ போட்டான், ஓடினான். முதல் பேஸ் வந்ததும் டக்குன்னு குனிஞ்சு, கையை நீட்டித் தரையைத் தொட்டுட்டுத்தான் நின்னான். ஏன்டான்னு கேட்டா, "பேட் இல்லையேம்மா, அதான் கை"ங்கிறான்.

இதுக்கு வாளி இருக்கா?