சிறையில் கோடிங் வகுப்பும் வேதபாடமும்: ஒன்றாக நடத்தலாமா?

கேள்வி:
வணக்கம். ஒரு சிறையில் வாராவாரம் வேதபாடம் (பைபிள் வகுப்பு) எடுக்கிறேன், தொழில் புரோகிராமிங். அங்கேயே பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியும் சொல்லித்தர இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்கள், இன்டர்நெட் கிடையாது. கூட வரும் நண்பர், "ஒரே வகுப்பாக்கிவிடு. முதலில் ஜெபம், அப்புறம் கோடிங்" என்கிறார். எனக்கு ஏனோ உறுத்துகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
பிரித்துவிடுங்கள். நானும் இரண்டையும் நடத்துகிறேன், வேறு வேறு நாளில், தனித்தனிப் பெயர்ப்பட்டியலோடு. உள்ளே இருப்பவருக்குக் கம்ப்யூட்டர் முன் உட்காரக் கிடைக்கும் ஒரு மணி நேரம் லேசுப்பட்டதில்லை. அதற்காகவே ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். வேறு மதத்தவரோ வாசலோடு திரும்பிவிடுவார்.

இன்டர்நெட் இல்லாததற்குக் கவலைப்படாதீர்கள். 2014-ல் அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் 'தி லாஸ்ட் மைல்' அமைப்பு கோடிங் வகுப்பு ஆரம்பித்தபோதும் மாணவர்களுக்கு இன்டர்நெட் இல்லை. பைத்தானோடு, அதில் எழுதி ஓட்டிப் பார்க்க ஐடில் எடிட்டர் வந்துவிடும். பைத்தானின் விளக்க ஆவணங்களை மொத்தமாக இறக்கி, அதிகாரி மூலமாகவே ஏற்றச் சொல்லுங்கள். பென்டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். கம்பிச்சுருள் நோட்டைக்கூடப் பல சிறைகளில் உள்ளே விடுவதில்லை.

என் வகுப்பில் பாதி, பேப்பரில்தான். ஒரு லூப்பை, அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதியை, எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் எந்த வேரியபிளில் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்ன இருக்கிறது என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்வேன். அதில் 'ரேஞ்ச் 1, 5' என்றால் எல்லாரும் 1-லிருந்து 5 வரை எழுதுவார்கள். ஓட்டிப் பார்த்தால் 4-லேயே நின்றுவிடும்; கடைசி எண்ணைப் பைத்தான் சேர்க்காது. மெஷின்தான் தப்பு என்று ஒருவர் வகுப்பு முழுக்க மல்லுக்கு நின்றார். அடுத்த வாரம் பக்கத்தில் இருந்தவருக்கு அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

வேதபாடத்தைப் பிலேமோனில் தொடங்குங்கள், ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம் அது. 25 வசனம்தான், எழுதிய பவுலும் காவலில் இருக்கிறார். அங்கேயும் முதல் கேள்வி, என்ன எழுதியிருக்கிறது என்பதே. ஒநேசிமு திருடிவிட்டு ஓடினான் என்று உடனே ஒருவர் சொல்வார். எந்த வசனம் என்று கேளுங்கள். கடன் ஏதாவது இருந்தால் என் கணக்கில் வை என்கிறார் பவுல், 18-ம் வசனத்தில். அவன் திருடினான் என்று அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. தேடிப் பார்த்துவிட்டு அவர்களே நிமிர்வார்கள்.

பதில் 2:
வகுப்பைப் பிரிப்பது சரி. ஆனால் சொற்களை எண்ணும் புரோகிராமுக்கு பைபிளில் உள்ள நீதிமொழிகளைக் கொடுத்தால் என்ன? பைபிள்தான் பலர் கையில் இருக்கிறதே.

பதில் 1:
விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளட்டும், எல்லாருக்கும் அதையே கொடுக்காதீர்கள். என் வகுப்பில் ஒருவர் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைத் தட்டச்சு செய்து எண்ணினார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டு பட்டியலாகவே எழுதிக் கொடுக்கிறேன். என்ன வழக்கில் உள்ளே வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா?

பதில் 1:
கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் வகுப்பு நேரத்தில் வேண்டாம்.